கரும்புத் தொட்டில் தூக்கப் போகிறவனுக்கு

மகனே,

நீ நன்றாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதை விசாரிக்க எழுதும் கடிதம் அல்ல இது. நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸப் குழுவில் போன வாரம் நீ ஒரு செய்தி போட்டாய். கார்த்திகைத் திருவிழாவில் பெரிய தேர் ஓடுகிற அன்று குழந்தையைக் கரும்புத் தொட்டிலில் போட்டு மாட வீதி சுற்றப் போவதாகவும், முடிந்தவர்கள் வந்து கூட நடந்தால் சந்தோஷம் என்றும் எழுதியிருந்தாய். குழுவில் ஒருவர் பாக்கியில்லாமல் கைகூப்புகிற படம் போட்டார்கள். எனக்குத் தனியாக ஒரு வார்த்தை சொல்லத் தோன்றாமல் எல்லோரோடும் சேர்த்துச் சொன்னாய். அதனால் நானும் எல்லோரும் படிக்கும்படியே பதில் எழுதுகிறேன். வெளியூர்க்காரர் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலையில் பிள்ளை வேண்டும் என்று நேர்ந்துகொண்டவர்கள், பிள்ளை பிறந்ததும் கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் புடவையைத் தொங்கவிட்டு, அதில் குழந்தையைப் படுக்கவைத்து, முன்பக்கம் ஒருவர் பின்பக்கம் ஒருவராகப் புருஷனும் பெண்டாட்டியும் தோளில் சுமந்து கோயிலைச் சுற்றியிருக்கும் நான்கு வீதிகளையும் வலம் வருவார்கள். என் மகன், கடுங்குளிரில் காந்தங்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவன், இந்த வருஷம் அதைச் செய்யப் போகிறான்.

செய்தியைப் பார்த்ததும் உனக்குப் போன் செய்தேன். "இன்னாடா இது?" என்றேன். "பாத்துட்டிங்களா?" என்றாய், மழை வருமா என்று கேட்பதுபோல. உன் மாமனார் வீட்டு ஏற்பாடாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர்களைத் திட்டிவிட்டுச் சோறு தின்றிருப்பேன். நீ அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

"யாரும் சொல்லலப்பா. நானேதான் வேண்டிக்கினேன். ரெண்டாவது தடவையும் கரு தங்கலனு டாக்டரம்மா சொன்னாங்க இல்ல, அன்னிக்கு. ஆஸ்பத்திரியில கீழ வண்டி நிறுத்தற எடத்துல நின்னுக்கினு இருந்தேன். அவளுக்கே ரொம்ப நாள் கழிச்சிதான் தெரியும்."

"தொட்டில் தூக்கினா இந்த வீட்டு வாசப்படி மிதிக்காத" என்றேன்.

"சரிப்பா. லாட்ஜ்ல ரூம் போட்டுக்கறேன்."

அவ்வளவுதான். நான் ஒரு பெரிய சண்டைக்குத் தயாராகிப் போனை எடுத்திருந்தேன். நீ கத்துவாய், நான் கத்துவேன், உன் அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து போனைப் பிடுங்குவாள் என்று நினைத்திருந்தேன். நீயோ, நான் பஸ் நேரம் சொன்னதுபோல் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டாய். மறுநாள் காலையில் ஒரு நீளமான செய்தி வந்தது. உலகத்தில் பெரிய பெரிய விஞ்ஞானிகள் யாரெல்லாம் கடவுளை நம்பினார்கள், யார் பாதிரியாராக இருந்தார், யார் கிறிஸ்தவ வேதத்துக்கு உரை எழுதினார், யாருக்குக் கனவில் தெய்வம் கணக்குச் சொன்னது என்று வரிசையாக. கடைசியில், "இவங்கள எல்லாம் எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்ப்பா" என்று ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நீ அனுப்பிய பெயர்களை நான் இங்கே திருப்பி எழுதப்போவதில்லை. பெயரைச் சொன்னதும் எழுந்து நிற்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கோயிலிலும் கிடையாது, நூலகத்திலும் கிடையாது. அவர்கள் செய்த வேலையைச் சொன்னால் போதும். யார் என்று உனக்குத் தெரியும்.

முதலில் நான் எப்படி இப்படி ஆனேன் என்பதை உனக்குச் சொல்லவேண்டும். நான் சொல்லி நீ கேட்டதில்லை. ஏனென்றால் நான் சொன்னதில்லை. உன் தாத்தாவுக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் மணிலாக் கடலை விளைகிற நிலம் இருந்தது. கிணறு வற்றியதும் போர் போட முடிவு செய்தார். எந்த இடத்தில் போடுவது என்று தெரிந்துகொள்ள, குலசாமி முன்னால் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். குழந்தை ஒன்று கண்ணை மூடி எடுக்கவேண்டும். வெள்ளை வந்தால் அந்த இடம். வெள்ளை வந்தது. போர் போட்டார்கள். புழுதி வந்தது. மறுபடி பூக்கட்டினார்கள், மறுபடி புழுதி. நிலத்தில் பாதியை விற்று மூன்றாவதும் போட்டார்கள். அப்போதும் தண்ணீர் இல்லை. தண்ணீர் வராததால் நான் சாமியை விடவில்லை. பூமிக்கு அடியில் பாறை இருந்தால் யார் என்ன செய்யமுடியும்? அன்று இரவு உன் தாத்தா சாப்பிடும்போது சொன்னார்: "நம்ம மனசு சுத்தம் பத்தல." தண்ணீர் வந்திருந்தால் சாமி கொடுத்தது. வராவிட்டால் எங்கள் மனசு சரியில்லை. எந்தப் பக்கம் போனாலும் தோற்காத ஒருவரோடு நான் ஏன் கணக்குப் பார்க்கவேண்டும்? அன்றைக்குக் கை கழுவியவன்தான். பள்ளிக்கூடமும் அதோடு நின்றது.

மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு சொந்தமாகக் கடை வைத்தேன். எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எறிந்து, புதுச் செப்புக் கம்பியைச் சுற்றிக் கொடுக்கிற வேலை. இந்த வேலைதான் உன்னைப் படிக்கவைத்தது என்று சொல்லிக்காட்ட வரவில்லை. இந்த வேலைதான் என்னைப் படிக்கவைத்தது. கம்பியைச் சுற்றிக் கரண்டு கொடுத்தால் இரும்பு ஏன் சுழல்கிறது என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. "அது அப்பிடித்தான்" என்றார் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். எனக்கு அது போதவில்லை. கிளை நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கேதான் அவரைக் கண்டேன்: கொல்லன் மகன், சரியாகப் பள்ளிக்கூடம் போகாதவன், புத்தகம் தைக்கிற கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, தைக்க வந்த புத்தகங்களையே படித்து, காந்தத்தை அசைத்தால் கம்பியில் கரண்டு பிறக்கும் என்று உலகத்துக்குக் காட்டியவர். என் கடையில் நான் மாட்டிய ஒரே படம் அவருடையதுதான்.

அந்தப் படத்துக்குக் கீழே நடந்த சண்டைகள் உனக்கு நினைவிருக்கும். சோமாசிபாடியிலிருந்து வரும் ஒரு விவசாயி இருந்தாரே, காதில் கடுக்கன் போட்டவர். மோட்டார் தயாராகிவிட்டது, எடுத்துக்கொண்டு போங்கள் என்றால் அசையமாட்டார்.

"பொட்டு வெச்சிக் குடு."

"மோட்டாருக்கு நெத்தி எங்க இருக்குது, காட்டுங்க, வெக்கறேன்."

"எகத்தாளம் ஜாஸ்தியாப் போச்சி உனுக்கு. ஒரு எலுமிச்சங்காயாச்சும் நறுக்கிப் போடு."

"மறுபடி எரிஞ்சா எலுமிச்சங்காய எடுத்துக்கினு வாங்க, காயில் நான் கட்டித் தரேன்."

அவர் வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே எடுத்துக்கொண்டு போவார். கிணற்று மேட்டில் வைத்துப் பொட்டும் வைத்து, பூவும் போட்டு, தேங்காயும் உடைத்துத்தான் சுவிட்சைப் போடுவார் என்று எனக்குத் தெரியும். மறு கோடையில் அவரே இன்னொரு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருவார். "நாக்குல நரம்பில்லாதவன்னாலும் கையில வேல இருக்குதுடா" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். ஆயுத பூஜையன்று கடைத்தெரு முழுக்க வாழைக்கன்று கட்டியிருக்கும். நம் கடையில் மட்டும் நான் உட்கார்ந்து காயில் சுற்றிக்கொண்டிருப்பேன். என்னை யாரும் அடித்ததில்லை, ஒதுக்கியதும் இல்லை. சிரித்தார்கள். அது பரவாயில்லை. என் பக்கத்தில் நீ இருந்தாய்.

பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வந்து, கம்பி உருளையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாய். நான் சுற்றச் சுற்றக் கதை சொல்வேன். புத்தகம் தைத்தவர் கதை. பட்டாணிச் செடியை வளர்த்துப் பரம்பரையின் கணக்கைக் கண்டுபிடித்தவர் கதை. கிரகங்கள் போகும் பாதை வட்டமில்லை என்று கண்டவர் கதை. பட்டாணிக்காரரைத் தோட்டக்காரர் என்று சொன்னேன். சாமியார் என்று சொல்லவில்லை. புத்தகம் தைத்தவரின் ஒரு வாரத்தை உனக்கு முழுதாகச் சொன்னேன், திங்கள் முதல் சனி வரை அவர் ஆய்வுக்கூடத்தில் என்னென்ன செய்வார் என்று. நீ விடுவாயா?

"ஞாயித்துக்கெழம இன்னா பண்ணுவாரு?"

"தூங்குவாரு."

"நாள் பூராவா?"

"வாரம் பூரா வேல செஞ்சா தூக்கம் வராதா?"

நீ அதை நம்பினாய். பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லியும் இருக்கிறாய். பிறகு கல்லூரியில் அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் படித்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தூங்கவில்லை. ஒரு சின்னக் கிறிஸ்தவ சபையில் மூப்பராக இருந்து பிரசங்கம் செய்தார் என்று தெரிந்துகொண்டாய். அந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாய்: "இன்னாப்பா, ஞாயித்துக்கெழம தூங்கினாரா?" உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று உன் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டேன். நான் மழுப்பவில்லை. தெரிந்துதான் சொல்லாமல் விட்டேன் என்றேன். செப்புக் கம்பியின் மேல் எனாமல் பூச்சு இருக்கிறது; இன்னொரு கம்பியோடு அதைச் சேர்க்கவேண்டுமானால் பூச்சைச் சுரண்டித்தான் ஆகவேண்டும்; உன்னோடு அவர்களைச் சேர்க்க அவர்களுடைய சாமியைச் சுரண்டினேன், உள்ளே இருந்த செம்பு அசல்தான் என்று சொன்னேன். எனக்கே அந்தப் பதில் பிடித்திருந்தது.

நீ சொன்னாய்: "முனையில சுரண்டலாம்ப்பா. நீங்க கம்பி பூரா சுரண்டிட்டிங்க. அத காயில் சுத்தினா இன்னா ஆவும்? ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஷார்ட் ஆயி எரிஞ்சிடும். எனக்கு எரிஞ்சிடுச்சி."

என் தொழிலை வைத்தே என்னை அடித்தாய். இன்றும் நல்ல பதில் ஒன்று கையில் இல்லை. ஆனால் எனக்குப் பதில் தெரியாததால் நீ சொன்னது சரியாகிவிடாது. இதையும் உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். உன் தாத்தாவின் நிலத்துப் புழுதியை வாயில் தின்றவன் தன் பிள்ளைக்கு என்ன சொல்லவேண்டுமோ அதைச் சொன்னேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். இந்த ஊரில் பால்காரர் முதல் கலெக்டர் ஆபீஸ் வாட்ச்மேன் வரை எல்லோரும் உனக்கு ஒரு பக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலையில் ஜன்னலைத் திறந்தால் மலை. மலையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத கை எது? தினமும் உனக்கு மறுபக்கம் சொல்ல நான் ஒரே ஒரு ஆள்தான் இருந்தேன். நானும் இரண்டு பக்கத்தையும் சொல்லிக்கொண்டு நின்றிருந்தால், என் பக்கம் உன் காதில் விழுந்தே இருக்காது.

இப்போது நீ அனுப்பிய ஆட்களுக்கு வருகிறேன். அவர்கள் நம்பினார்கள். இல்லை என்று நான் சொல்லவில்லை. உனக்கு முன்பே நான் அதையெல்லாம் படித்தவன். ஆனால் அந்தப் பட்டாணிச் சாமியார் பட்டாணியை எண்ணினார். நெட்டைச் செடி எத்தனை, குட்டைச் செடி எத்தனை என்று குனிந்து குனிந்து எண்ணினார். முழங்கால் போட்டு எண்ணிக்கையைக் கேட்டு வாங்கவில்லை. கிரகத்தின் பாதையைத் தேடியவர் கடவுள் உலகத்தை வடிவ கணிதப்படி படைத்தார் என்று உயிராக நம்பியவர்தான். கணக்குக்கும் வானத்துக்கும் மயிரிழை வித்தியாசம் வந்தபோது, அவர் ஆசைப்பட்டு வைத்திருந்த வட்டத்தைத் தூக்கிப் போட்டார்; வித்தியாசத்தைத் தூக்கிப் போடவில்லை. உன் தாத்தாவாக இருந்திருந்தால் மனசு சுத்தம் போதவில்லை என்றிருப்பார். ஈர்ப்பு விசையைச் சொன்னவர் வேதத்தில் இருக்கும் தீர்க்கதரிசனங்களுக்குக் கணக்குப் போட்டுக் கட்டுக்கட்டாக எழுதி வைத்திருக்கிறார். அதைப் பார்த்து யாராவது இன்று ராக்கெட் விடுகிறார்களா? பிரபஞ்சம் ஒரு சின்னப் புள்ளியிலிருந்து விரிந்தது என்று சொன்ன பாதிரியார் கதை தெரியுமே. இதோ எங்கள் வேதம் சொன்ன படைப்பு என்று அவருடைய மதத் தலைவரே சந்தோஷப்பட்டபோது, அந்தப் பாதிரியாருக்கு அது பிடிக்கவில்லை, இரண்டையும் கலக்கவேண்டாம் என்று நினைத்தார் என்றுதான் நான் படித்தேன். நம் பக்கத்துக் கணித மேதைக்கு நாமக்கல் தாயார் கனவில் சூத்திரம் காட்டினாள் என்கிறாய். காட்டட்டும். கடல் தாண்டிப் போனதும் நிரூபணம் எங்கே என்றுதானே கேட்டார்கள்? இவர்களில் ஒருவர்கூட வேலை மேசையின் மேல் கற்பூரத்தைக் கொளுத்தி வைத்துக்கொண்டு வேலை செய்யவில்லை.

இதையெல்லாம் இரண்டாவது முறை போனில் சொன்னேன். நீ கடைசி வரை கேட்டாய். அதுதான் என்னை வதைக்கிறது. நீ நன்றாகக் கேட்கிறாய்.

"நீங்க சொல்றது அத்தனையும் கரெக்ட்டுப்பா. நானும் லேப்ல அப்பிடித்தான். கொழந்த டாக்டரால பொறந்தது, மருந்தால பொறந்தது. எனக்குத் தெரியாதா? டாக்டரம்மா கால்லயே விழுந்துட்டேன். அதுக்கு மேலயும் எதோ மிச்சம் இருக்குதுப்பா. அத எங்க கொண்டும்போயி வெக்கறதுனு தெரியல."

"வெக்கவே வேணாம். கையிலயே வெச்சிக்கோ."

"கனமா இருக்குதுப்பா" என்றாய்.

அதற்கும் நான் ஏதோ சூடாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஆனால் அந்த வார்த்தை போகமாட்டேன் என்கிறது. நீ பயந்துபோய்ச் சாமி கும்பிட்டிருந்தால் உன்னைத் திருத்தலாம் என்று நினைத்திருப்பேன். ஏமாந்துபோய் விழுந்திருந்தால் எழுப்பியிருப்பேன். நீ கண்ணைத் திறந்துகொண்டு, எல்லாம் தெரிந்துகொண்டு போகிறாய். நான் கற்றுக்கொடுத்த எதையும் மறக்காமல், அதையும் கையில் வைத்துக்கொண்டே போகிறாய். உன்னோடு எதை வைத்து நான் வாதாடுவேன்? என் வாழ்நாள் முழுக்க உழைத்து உண்டாக்கிய ஒரே அத்தாட்சி நீ. இந்த ஊரிலும் சாமி இல்லாமல் ஒரு பிள்ளையை வளர்க்கமுடியும், அவன் நல்லவனாகவும் அறிவாளியாகவும் இருப்பான் என்று காட்ட என்னிடம் வேறொன்றும் இல்லை. அந்த அத்தாட்சி தேரன்றைக்குத் தோளில் கரும்போடு தேரடித் தெருவில் நடக்கப் போகிறது. கடுக்கன்காரர் உயிரோடு இருந்தால் வந்து நின்று பார்ப்பார். சிரிக்கக்கூட மாட்டார், கும்பிடுவார். அதுதான் எனக்குப் பெரிய அடி.

கூடப் புலம்புவதற்கும் ஆள் இல்லை. ஞாயிறு மாலைகளில் நம் கடையில் உட்கார்ந்து சாமி இல்லை என்று பேசிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் மொட்டையடித்து, பிண்டம் வைத்து, எல்லாம் முறைப்படி செய்தார்கள். வேண்டாம் என்று எழுதிவைத்தவருக்கும் செய்தார்கள். நெற்றியில் விபூதியோடு அவர் படுத்திருந்ததைப் பார்த்துவிட்டு, நான் தெருமுனையிலேயே திரும்பி வந்தேன். மீதியிருப்பவர்களில் ஒருவர், என்னைவிடக் கடுமையாகப் பேசியவர், பௌர்ணமியன்று அடி அண்ணாமலை பக்கம் செருப்பில்லாமல் நடந்து வந்தார். நான் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். நேருக்கு நேர் பார்த்துக்கொண்டோம்.

"சுகரு ஜாஸ்தியாயிடுச்சி. டாக்டரு வாக்கிங் போவச் சொன்னாரு" என்றார்.

"பௌர்ணமிக்கு மட்டுமா?"

"நெலா வெளிச்சம் இருக்குது இல்ல?"

இரண்டு பேரும் சிரித்தோம். நான் செத்த பிறகு எனக்கும் அந்த விபூதியும் பிண்டமும்தான் நடக்கும். நீயே செய்வாய், அன்போடு செய்வாய். வேண்டாம் என்று உன்னிடம் சத்தியம் வாங்கலாம். எந்தச் சாமியின் மேல் வாங்குவது? அதனால் கேட்கவில்லை. செத்தவனுக்குத் தெரியாது என்பதுதான் என் கொள்கை. அதைப் பிடித்துக்கொண்டு தூங்கப் பார்க்கிறேன். தூக்கம் வருவதில்லை.

இன்று காலை உன் அம்மா பீரோவைத் திறந்து புடவைகளை எடுத்துக் கட்டில்மேல் போட்டாள். வேங்கிக்காலில் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, தீபத்தன்று தெரு முழுக்க அகல் விளக்கு எரியும்போது நம் வாசல் மட்டும் டியூப்லைட்டோடு நிற்கும். அவள் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. மலையில் தீபம் ஏறுகிற நேரத்துக்குப் பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, வந்து எனக்குத் தோசை சுடுவாள்.

"இது இன்னாத்துக்கு?" என்று கேட்டேன்.

"தொட்டில் கட்டறதுக்கு. என் பொடவையிலதான் கட்டணும்னு அவன் சொன்னான்."

"நீ போறியா?"

"போறேன். லாட்ஜ்லயே தங்கிக்கறேன். கொழந்தைக்கு ராவுல பால் கலக்கறதுக்கு ஆள் வேணும்."

"இத்தன வருஷமா என் பக்கம் இருந்துட்டு, இப்பப் போறியே."

அவள் ஒரு புடவையை உதறி மடித்தபடி சொன்னாள்: "உங்க பக்கம் நா எப்ப இருந்தேன்? உங்க கூட இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ரேஷனில் இந்த மாதம் பருப்பு இல்லை என்று சொல்வதுபோல் சொன்னாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். இந்த வீட்டில் ஒரு கட்சி இருக்கிறது, அதில் மூன்று பேர் இருக்கிறோம் என்று இவ்வளவு காலமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எப்போதும் ஒரே ஒரு ஆள்தான் இருந்திருக்கிறான்.

அறையை விட்டுப் போகும்போது அவள் ஒரு வழி சொன்னாள். நான் உன்னைத்தானே வராதே என்றேன், குழந்தையை இல்லையே. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவாளாம், நீ கேட்டுக்கு வெளியே காரிலேயே இருப்பாயாம், நான் பார்த்துக்கொள்ளலாமாம். நான் நாள் முழுக்க அதை யோசித்தேன். நியாயமாகப் பார்த்தால் சரிதான். அந்தக் குழந்தை எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. தவழ ஆரம்பித்துவிட்டாளாமே. போட்டோவில் உன் காதுதான் அவளுக்கு. ஆனாலும் வேண்டாம். அப்பனை வாசலில் நிறுத்தி வைத்த வீட்டுக்குள் அந்தப் பெண் முதல் தடவையாக வரக்கூடாது. அவளுக்கு நினைவிருக்காது என்பாய். எனக்கு இருக்கும். சொன்ன சொல்லை மாற்றிக்கொண்டு உன்னையும் உள்ளே கூப்பிடலாமே என்றால், அது என்னால் முடியாது. மாற்றினால், இத்தனை வருஷம் கடைத்தெருவில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தவன் சும்மா வீம்புக்கு உட்கார்ந்திருந்தான் என்றாகும். அப்படி இருக்கலாம். இருந்தாலும் அதை நானே ஒப்புக்கொண்டு சாக எனக்குத் தெம்பில்லை. ஆகவே இந்த முறை நான் அவளைப் பார்க்கப்போவதில்லை. எனக்கிருக்கிற வயசுக்கு அடுத்த முறை என்று ஒன்றை நான் எழுதமாட்டேன்.

நீ செய்யப்போவது தப்பு. கடைசி வரை அதைத்தான் சொல்வேன். ஆனால் ஒரு வேலையைச் செய்தால் ஒழுங்காகச் செய்யவேண்டும். ஒற்றைக் கரும்பில் கட்டாதே. நடுவில் வளைந்து கணுவில் முறியும். மூன்று கரும்பைச் சேர்த்து, அடியும் நுனியும் மாற்றி மாற்றி வைத்து, பருத்தி நாடாவால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டு. பிளாஸ்டிக் கயிறு வேண்டாம், நழுவும். உன் அம்மா பட்டுப்புடவை எடுத்து வைத்திருக்கிறாள், அதுவும் நழுவும். நூல் புடவைதான் பிடித்து நிற்கும், காற்றும் போகும். முடிச்சு கரும்பின் மேல்பக்கம் இருக்கட்டும், குழந்தையின் தலைப்பக்கம் வேண்டாம். தோகையைச் சீவிவிடு, ஓரம் கத்திபோல் இருக்கும், பிஞ்சுத் தோலைக் கீறிவிடும். மேற்கே பே கோபுரம் பக்கம் வீதி மேடு. அங்கே உயரமான ஆள் பின்னால் வரவேண்டும், அப்போதுதான் தொட்டில் சாயாது. அந்த இடத்தில் நீயும் மருமகளும் இடம் மாறிக்கொள்ளுங்கள். தேரன்று கூட்டம் நெருக்கும், வெயில் ஏறும், மேளமும் வெடியும் காதைக் கிழிக்கும். குழந்தை அழும். சுற்றிலும் இருப்பவர்கள் நிறுத்தாதே, பாதியில் இறக்கக்கூடாது, சுற்று முடியட்டும் என்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதே. நின்ற இடத்திலேயே கரும்பை இறக்கிவிட்டு அவளைத் தூக்கிவிடு.

அப்பா